ராணி விட்ட தண்ணீர்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. வெரிபீ என்ற புறநகரில் அவர் வீட்டில் இரண்டரை வருடம் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். கடிதப் பெட்டியில்கூடப் பெயர் கிடையாது. மின்சார பில் ஒரு பெயரில் வரும், தண்ணீர் பில் இன்னொரு பெயரில் வரும். கேட்டால், "ரெண்டும் நான்தான். ஆனா ரெண்டு பேரும் ஒராள் எண்டு அவங்களுக்குத் தெரியத் தேவையில்லை" என்பார். தெருவில் எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் அறை பார்க்கப் போனபோது சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய லேப்டாப் திறந்திருந்தது. அதன் கேமரா ஓட்டையில் அரக்கு நிற ஒட்டுப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. ஃபோனின் முன்பக்கம் ஒரு பொட்டு, பின்பக்கம் ஒரு பெரிய பொட்டு. அதைப் பார்த்ததுமே ஆள் எப்படிப்பட்டவர் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"என்ன வேலை தம்பி?"

"கம்ப்யூட்டர் வேலை."

"ஆருக்கு?"

"ஆஸ்பத்திரிகளுக்கு, அன்ரி. நோயாளிகள் விவரம் வைக்கிற சாஃப்ட்வேர்."

பொய். நான் வேலை பார்த்தது நகரத்தில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், ஃபோன் விளையாட்டுகள் செய்யும் கம்பெனியில். படிக்க வந்து, படிப்பு முடிந்து, ஏழு மாதம் அலைந்து கிடைத்த வேலை அது. விளையாட்டில் எங்கே பிழை இருக்கிறது என்று நாள் முழுக்கத் தட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அதைச் சொல்லியிருந்தால் அறை கிடைத்திருக்காது. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வேறு அறையும் கிடைக்கவில்லை. அதனால் சொன்னேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அன்ரி ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்தார். கணவர் எப்போதோ பிரிந்து போயிருந்தார். பிள்ளைகள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. அவருக்கு ஒரேயொரு வேலை முழுநேர வேலை, மற்றதெல்லாம் பகுதிநேரம். அந்த முழுநேர வேலை சந்தேகப்படுவது.

சூப்பர்மார்க்கெட்டில் புள்ளி சேர்க்கும் அட்டை கொடுப்பார்கள் அல்லவா, அதை அவர் கூட வேலை செய்யும் ஒரு கிரேக்கப் பெண்ணோடு மாற்றி வைத்திருந்தார். "என்ர பேரில அவ சலாமி வாங்கிறா. அவவின்ர பேரில நான் முருங்கைக்காய் வாங்கிறன். அவங்கள் இருந்து மண்டையைப் பிய்க்கட்டும்." நாமே பொருளை ஸ்கேன் செய்யும் இயந்திரத்துக்குப் போகவே மாட்டார். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆள் இருக்கும் இடத்தில்தான் நிற்பார். "அவன் ஆளை நிப்பாட்டிப்போட்டு அந்த வேலையை என்னட்டைத் தாறான். நான் செய்தும் குடுத்து, கமராவுக்கு மூஞ்சையும் காட்ட வேணுமோ?"

எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர் அழைப்பு மணியோடு சேர்ந்த கேமரா மாட்டிய பிறகு, மழையில்லாத நாளிலும் அன்ரி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போனார். அந்த மனிதர் என்னிடம், உங்கள் ஆன்ட்டிக்கு வெயில் ஆகாதா என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாம், தோல் வியாதி என்றேன். அந்த வீட்டில் இருந்தால் நமக்கும் பொய் தானாக வரும்.

வருடத்தில் எட்டுப் பத்து நாட்கள் அவர் ஃபோனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வரும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு தேதி கொடுத்து வைத்திருந்தார். வாழ்த்து வந்தால் காலண்டரைப் பார்ப்பார். "ஓ, இது பல் டொக்டரின்ர கிளினிக்குக்குக் குடுத்த திகதி. இப்ப செருப்புக் கடைக்காரன் வாழ்த்துச் சொல்றான். எப்பிடிப் போனது?" அன்றைக்கு முழுக்க அவருக்கு உற்சாகம். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த உற்சாகம்.

நான் சிரித்தேன். பைத்தியம் என்று நண்பர்களிடம் சொன்னேன். ஆனால் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி என்று தெரியும். அவர் நினைத்ததைவிட மோசம் என்றும் தெரியும். எங்கள் கூட்டங்களில் யாரும் விளையாட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள். எந்த நிமிடத்தில் ஆள் சலித்துப் போகிறான், அந்த நிமிடத்தில் அவனுக்கு எதைக் காட்டினால் போகமாட்டான், இதைத்தான் பேசுவார்கள். பேசுகிறவர்கள் கெட்டவர்கள் மாதிரியும் இருக்கமாட்டார்கள். சைக்கிளில் வருவார்கள், நாய்க்குட்டியை ஆபீசுக்குக் கூட்டி வருவார்கள், மரம் நடப் போவார்கள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

எங்களுடைய பெரிய விளையாட்டு ஒரு தோட்டம். விதை போடலாம், தண்ணீர் விடலாம், காய் பறிக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து நம் செடிக்கு ஒரு வாளி தண்ணீர் விட்டுப் போவார்கள், நாமும் போய் விடலாம். தனியாகத் தோட்டம் போடுகிறவர் சில நாளில் நிறுத்திவிடுகிறார், அக்கம்பக்கம் இருந்தால் நிறுத்துவதில்லை என்று கம்பெனி கண்டுபிடித்தது. எல்லோருக்கும் அக்கம்பக்கத்துக்கு ஆள் எங்கே இருக்கிறது? அதனால் ஆட்களைச் செய்தார்கள். வெறும் புரோகிராம். பெயர் இருக்கும், தோட்டம் இருக்கும், தினமும் வந்து தண்ணீர் விடும். பேசாது. நடுவில் எப்போதாவது ஒரு நாள் வராமல் இருக்கும்படியும் வைத்திருந்தார்கள். தவறாமல் வந்தால் ஆளைப் போல இருக்காதாம்.

ஒருநாள் மேலாளர் என் மேசைக்கு வந்து, நீ தமிழ்தானே, நாற்பது பெயர் எழுதிக் கொடு, வீட்டில் கூப்பிடுகிற மாதிரிப் பெயராக இருக்கட்டும் என்றார். தமிழில் வைத்திருக்கும் ஃபோன்களுக்குத் தமிழ்ப் பெயரில் அண்டை வீட்டுக்காரர்கள். கேன்டீனில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதினேன். செல்வி, கண்ணன், பாப்பா, ராணி, குமார், தேவி. பெயர்கள் நன்றாக இருக்கின்றன என்று அவர் என் தோளில் தட்டினார். நான் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்ரி அந்த விளையாட்டை ஆடுகிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முதியோர் இல்லத்தில் ஒரு பிலிப்பினோப் பெண் தேநீர் நேரத்தில் அவர் ஃபோனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஊர்ப்பட்ட கேள்விக்குப் பிறகு அன்ரி சம்மதித்திருக்கிறார். பெயர் மிசிஸ் பிரவுண், வயது தொண்ணூற்றொன்று என்று கொடுத்திருக்கிறார். பெயரில் பொய், வயதில் பொய். ஆனால் ஃபோன் தமிழில் இருந்தது. கம்பெனிக்கு அது போதும்.

நான் பெயர் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் பல் துலக்கிவிட்டு வரும்போது அன்ரி சமையலறையில் நின்றுகொண்டு என்னைக் கையால் கூப்பிட்டார். முகம் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, தங்கச்சி வந்திட்டாள்."

வாசலைப் பார்த்தேன்.

"அங்க இல்லை, இஞ்ச பாரும்." ஃபோனைக் காட்டினார். கத்தரிச் செடிகள். ஓரத்தில் ஒரு வாளி. கீழே எழுத்து: ராணி உங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார்.

அவருக்கு டொரொன்டோவில் ஒரு தங்கை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வீட்டில் கூப்பிடும் பெயர் ராணி. இருவரும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. சண்டைக்குக் காரணம் ஒரு கலியாணக் காட். தங்கை தன் மகளின் கல்யாண அழைப்பிதழைப் படமாக்கி, உறவுக்காரர் எல்லோரும் இருக்கும் ஃபோன் குழுவில் போட்டிருக்கிறார். தனியாக ஒரு ஃபோன் செய்யவில்லை.

"சொந்த அக்காவுக்கு குறூப்பில காட்! அதுக்குக் கீழ ஆரோ ஒருத்தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறான், ஒருத்தி பூப் போடுறாள். நானும் பூப் போட வேணுமாம். நான் குறூப்பை விட்டு வெளிக்கிட்டிட்டன்." கல்யாணத்துக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு தங்கையின் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் வாசலைப் பார்க்கச் சொல்லிவிட்டார். அதனால் யாரும் எடுப்பதில்லை.

அது நான் எழுதிக் கொடுத்த பெயர். ஆனாலும் கேட்டேன். "ராணின்னு தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்களே அன்ரி. இது உங்க தங்கச்சிதான்னு எப்படிச் சொல்றீங்க?"

என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்ர ஃபோனில அவளின்ர நம்பர் கிடக்கு. இவங்கள் அதைப் பாத்திருப்பாங்கள். அவளின்ர ஃபோனில என்ர நம்பரைப் பாத்திருப்பாங்கள். ரெண்டையும் வைச்சுப் பக்கத்துப் பக்கத்தில காணி தந்திருக்கிறாங்கள். இவங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு? பிறகு இன்னொண்டு. ஒரு சொல்லுக் கதைக்கிறாள் இல்லை, பாத்தீரே? வாறாள், தண்ணியை விடுறாள், போறாள். அந்த வீம்பு ஆருக்கு வரும்? அவளேதான்."

அதுதான் அவருடைய சந்தேகத்தின் வினை. எதையும் தற்செயல் என்று விட அவருக்குத் தெரியாது. அந்தக் கம்பெனிக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினார். கம்பெனிக்கு அவரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவர் தமிழில் படிப்பார் என்பது மட்டும்தான் தெரியும்.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். வேலையைச் சொல்ல வேண்டும், முதல் நாள் சொன்ன பொய்யைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அன்ரி மாறிப்போனார். வேலையிலிருந்து வந்ததும் ராணியின் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் தேநீர். ராணி பூசணி போட்டால், "பாத்தீரே, பூசணி போட்டிருக்கிறாள். வீட்டில ஆக்கள் வந்து நிக்கினம் போல" என்பார். ராணி ஒரு நாள் வராவிட்டால், "அங்க பனி கொட்டுதாம். தடிமன் காய்ச்சலாக்கும்." ஒரு தடவை அவர்களுடைய அம்மாவின் திவசம் வந்தது. அன்றைக்குப் பார்த்து ராணி வரவில்லை. அன்ரி விரதச் சமையலுக்கு நடுவில் ஃபோனை எடுத்துவந்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

"திதி. இங்கிலீசுக் கலண்டரில இருக்காது. எந்தக் கொம்பனிக்குத் தெரியும் சொல்லும்? அவள் இண்டைக்குத் தோட்டத்தில கை வைக்கேல்ல."

ஆளைப் போலத் தெரிவதற்காக விடுகிற நாள் அது. எத்தனை நாளுக்கு ஒருமுறை விடவேண்டும் என்ற எண்ணைச் சரிபார்த்ததே நான்தான். நான் வடையைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஒருமுறை சொல்ல முயன்றேன். த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கு அவரைக் காரில் கூட்டிப் போனபோது, "அன்ரி, அந்த ராணி விஷயம்" என்று ஆரம்பித்தேன். அவர் உடனே கையை உயர்த்தி நிறுத்தினார். தன் ஃபோனை எடுத்தார், என் ஃபோனையும் எடுத்தார், இரண்டையும் முன்னாலிருந்த பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே தன் சால்வையையும் அமுக்கி வைத்தார்.

"இப்ப சொல்லும்."

அந்த முகத்தைப் பார்த்தேன். இத்தனை ஆயத்தத்தோடு ஒருவர் கேட்கத் தயாராக இருக்கும்போது சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். "கத்தரி நல்லா வந்திருக்கு போல" என்றேன்.

"இதுக்கோ ஃபோனைப் பூட்ட வைச்சனீர்!" என்று தொடையில் அடித்துச் சிரித்தார்.

இப்படியே இரண்டு வருடம் போனது. பிறகு கம்பெனி தோட்டத்தை மூட முடிவு செய்தது. வேறொரு விளையாட்டில் அதிக லாபம் வந்தது, அவ்வளவுதான். அதற்கு ஆபீசில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன். ஆடுகிறவர்களுக்கு ஒரு அறிவிப்பு: இன்னும் முப்பது நாளில் தோட்டம் மூடப்படும், இனிய நினைவுகளுக்கு நன்றி.

அன்ரி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். கோபப்படுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"இனி அவள் இருக்கிறாளோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

ஒரு வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை, டொரொன்டோவில் சனி மாலை, என் ஃபோனைக் கேட்டார். தன்னுடைய ஃபோனில் எடுத்தால் இவங்கள் கேட்பாங்கள் என்றார். நான், "அன்ரி, எடுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"ஏன்?"

ஃபோனைத் திறந்து கொடுத்தேன். அவர் எண்ணைப் பார்க்காமலே தட்டினார். ஃபோனைக் காதில் வைக்கமாட்டார், ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைப்பதுதான் வழக்கம். மணி அடித்தது.

"ஹலோ? ஹலோ, ஆர்?"

"நான்தான்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ அணைத்தார்கள். பிறகு, "அக்கா? ஆருக்கும் என்னவும் நடந்திட்டுதோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. விளையாட்டை மூடப் போறாங்களாம். அதுதான் எடுத்தனான்."

"என்ன விளையாட்டு?"

"தோட்டம். நீ தண்ணி விடுறது."

"எங்க தண்ணி விடுறன்? என்னக்கா கதைக்கிறியள்?"

"பகிடி விடாத ராணி. ரெண்டு வருசமா விட்டுக்கொண்டு இருக்கிறாய். அம்மாவின்ர திவசத்தண்டைக்குச் சரியா விடாம இருந்தாய்."

"அக்கா, எனக்கு விளங்கேல்ல. எனக்கு மார்பில கட்டி. போன வருசம் முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமாத்தான் கிடந்தனான். மருந்து ஏத்தினதில விரல் நுனியெல்லாம் விறைச்சுப் போச்சு, ஃபோனில நம்பர் தட்டவும் மகள்தான் வேணும். நான் என்னத்தை விளையாட? உங்களுக்கு ஆரும் சொல்லியிருப்பினம், தெரிஞ்சுகொண்டும் எடுக்கேல்ல எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார்.

அன்ரி ஸ்பீக்கரை அணைத்து, ஃபோனைக் காதோடு வைத்து, பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் துணிக்கொடிக்குக் கீழே நின்று பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. பாதி நேரம் அழுதார் என்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

நான் இப்போது சிட்னியில் இருக்கிறேன். அந்த வேலையை விட்டாயிற்று. இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், பரவாயில்லையே, அந்த விளையாட்டால்தானே அக்காவும் தங்கையும் சேர்ந்தார்கள் என்கிறார். இங்கே ஹெலன்ஸ்பர்க் கோயிலில் புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அப்படிச் சொன்னார். தட்டைத் தட்டிவிடலாம் என்று தோன்றியது. அந்த வாளித் தண்ணீர் வராமல் இருந்திருந்தால் அன்ரி ஒரு வருடத்துக்கு முன்பே பொறுக்கமுடியாமல் ஃபோன் எடுத்திருப்பார். தங்கை மொட்டைத் தலையோடு கிடந்த நாளெல்லாம், இவர் இங்கே அவள் பூசணி போட்டிருக்கிறாள், சுகமாக இருக்கிறாள் என்று நிம்மதியாகத் தூங்கினார். விளையாட்டு யாரையும் சேர்த்து வைக்கவில்லை. எடுத்திருக்க வேண்டிய ஃபோனை எடுக்கவிடாமல் பிடித்து வைத்தார்கள். பிடித்து வைத்தோம்.

அன்றைக்குப் பேசி முடித்துவிட்டு அன்ரி உள்ளே வந்தார். என் ஃபோனைச் சட்டையில் துடைத்து மேசையில் வைத்தார். முகம் கழுவிவிட்டு வந்து, துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"அன்ரி, நான் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல வேலை பாக்கலை. அந்தத் தோட்டம் எங்க கம்பெனியோடது. ராணிங்கிற பேரை எழுதிக் குடுத்ததே நான்தான். அது ஆள் இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"பேர் நீர் குடுத்தது எண்டு தெரியாது" என்றார். "கொம்பனி தெரியும். நீர் வந்த ரெண்டாம் மாசம் தோட்டத்தைத் திறக்கேக்க வாற படம் போட்ட சட்டை கொடியில காஞ்சது. நான்தானே மடிச்சு வைச்சனான்."

"தெரிஞ்சுமா? பிறகு ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நீர் வெக்கப்படுவீர். பிறகு யோசிச்சன், இதுவும் நல்லதுதான் எண்டு. இவங்கள் ஆரையும் ஏமாத்துவாங்கள். ஆனா எங்கட வீட்டில ஒராள் அங்க இருக்கிறார். ராணி பொய் எண்டால் வந்து சொல்லியிருப்பார் எண்டு." துணியைப் பிழிந்தார். "ஒவ்வொரு முறையும் ஃபோனைக் கொண்டுவந்து உமக்குத்தானே முதல் காட்டினனான். நீர் ஒண்டும் சொல்லேல்ல. அப்ப அது அவள்தான் எண்டு இருந்தன்."

அவர் துணியைக் குழாயின் மேல் விரித்துக் காயப்போட்டுவிட்டு, அறையை எப்போது காலி செய்வீர் என்று கேட்டார்.